முட்டைக்குத்தான் வளர்க்கிறேன்

எங்கள் ஊரில் கோழி வளர்க்கும் யாரிடமாவது எதற்காக வளர்க்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "முட்டைக்கு" என்பார்கள். நம்பாதீர்கள். முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். யாருக்குக் கடிதம் வந்தது, யாருக்கு வரவில்லை, வந்ததை யார் மனைவிக்குத் தெரியாமல் கைநீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கோழி விஷயமா தெரியாமல் போகும்?

ஒழுங்கை முனையில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பதினாறு கோழிகள். வீட்டில் அவர் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மனைவி பாதி கேட்பார், மருமகன் அதுவும் இல்லை. காலையில் மனிதர் சட்டை போட்டுக்கொண்டு வந்து கூட்டைத் திறந்து, "ஒவ்வொரு ஆளா வரணும்! தள்ளுப்படக் கூடாது!" என்று சத்தம் போடுவார். கூட்டின் வாசல் ஒரு கோழி மட்டும் நுழையும் அகலம். வேறு வழியில்லாமல் அவை ஒவ்வொன்றாக இறங்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மிச்ச நாள் முழுக்கத் தவிடு குழைக்கிறார். முட்டையை அவர் தொடுவதில்லை, கொலஸ்ட்ரோல்.

அவருக்கு அடுத்த வீட்டுப் பெண்ணின் கணவருக்குக் கட்டாரில் வேலை. அவள் வைத்திருப்பது மூன்று சேவல்கள், பெட்டைக் கோழி ஒன்றுகூட இல்லை. ஏனென்று கேட்டேன். "ஆம்பிள இல்லாத வீடெண்டு ஆரும் நினைக்கப்படாதுதானே அக்கா" என்றாள். சேவல் கூவினால் ஆம்பிளை இருக்கிறான் என்று எந்தத் திருடன் நினைப்பானோ தெரியாது. போன முறை லீவில் வந்த கணவர், மூன்றும் மாறி மாறிக் கூவியதில் நித்திரை இல்லாமல் மூன்றாம் நாளே தாய் வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டார்.

நாட்டுமுட்டை வாங்க மோட்டார் சைக்கிளில் வரும் காத்தான்குடி வியாபாரியைக்கூட ஒருநாள் கேட்டுவிட்டேன். "எங்கட ஊட்டயும் நாலு கோழி இரிக்கி. பொண்டாட்டி ஏசத் தொடங்கினா நான் கோழிக்குத் தீன் வெக்கப் போயிருவன்" என்றார். பிறகு, "அதுகள் இப்ப நல்லாக் கொழுத்துப் போய் இரிக்கிதுகள்" என்று சேர்த்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரியின் காரணம் எனக்கு நேரடியாகவே தெரியும், ஏனென்றால் அந்தக் காரணம் நான்தான். அவள் வேதக்காரி, என்னைப் போலவே கணவனை இழந்தவள், பிள்ளைகள் கொழும்பில். அவளுடைய கோழிகள் எங்கள் வேலியில் இருக்கும் ஓட்டையால் என் வளவுக்குள் வரும். கோழிகளைத் தேடி அவள் வருவாள். வந்தவள் கோழியை மறந்து, தேத்தண்ணி குடித்து, இரண்டு மணித்தியாலம் பறைந்துவிட்டுப் போவாள். அந்த ஓட்டையை நான் மூன்று முறை அடைத்திருக்கிறேன். மூன்று முறையும் திரும்ப வந்தது. கோழி கிளறிய ஓட்டையா, கத்தியால் அறுத்த ஓட்டையா என்று எனக்குப் பார்க்கத் தெரியாதா? நாலாம் முறை அடைக்கவில்லை.

இனி என் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஊரைச் சொல்லிவிட்டு என்னை மறைத்தால் நாக்கு அழுகிப்போகும்.

நான் கோழி வளர்த்தது கனடாவுக்குப் போகாமல் இருப்பதற்கு.

என் ஒரே மகன் அங்கே இருக்கிறான். அவனுடைய தகப்பன் இறந்த ஆறாம் மாதம் என்னைக் கூப்பிட்டான். போனேன். மாரி காலம். நிலத்துக்குக் கீழே ஓர் அறை தந்தான், நல்ல அறைதான், கட்டில், டிவி, குளியலறை எல்லாம் உண்டு. ஆனால் அந்த மனிதரை இங்கே புதைத்துவிட்டு வந்து, என்னை நானே அங்கே புதைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கூரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதில் பனி. மகன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். மூன்று மாதம் நான் ஒரு மனிதரைக்கூட ஏசவில்லை. மீன்காரனை ஏசாமல், பஸ் கண்டக்டரை ஏசாமல், வேலிக்கு மேலால் ஒரு சத்தம் போடாமல் இருந்தால் எனக்கு உடம்பில் இரத்தம் ஓடாது. வாய்க்குள் வார்த்தையெல்லாம் புளித்துப் போயிற்று.

திரும்பி வந்த கிழமையே இரண்டு பெட்டைக் கோழி வாங்கினேன். அப்போது ஒரு திட்டமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு மகன் வீடியோவில் வருவான். "அம்மா, பேப்பர் போடுவமா? நிரந்தரமா வந்து இருங்க" என்றான். எனக்குப் பின்னால் ஒரு கோழி நடந்து போனது. "கோழி நிக்குது மனே, ஆரு பாக்கிற?" என்றேன். அவன் சரி என்று விட்டுவிட்டான். மருந்து வேலை செய்கிறது என்று கண்டுகொண்டேன்.

அதன் பிறகு அவன் கேட்பதும் நான் கோழியைச் சொல்வதும் ஞாயிறு தவறாத பூசையாயிற்று. அவன் குரலில் கொஞ்சம் அழுத்தம் கூடினால் நான் இன்னும் இரண்டு கோழி வாங்குவேன். ஏழு வருடத்தில் பதினொரு பெட்டையும் ஒரு சேவலும் ஆகிவிட்டன. "வர விருப்பமில்லை" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஒற்றைப் பிள்ளை, தகப்பன் இல்லாதவன், கூப்பிடுகிறான். அவனிடம் வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரையே ஏசும் வாய் அந்த ஓர் இடத்தில் ஊமையாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தவள் பக்கத்து வீட்டுக்காரி. கெடுத்தது நல்ல மனத்தால், அதுதான் கொடுமை. ஒரு ஞாயிறு நான் கைப்பேசியைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் சாத்தி வைத்து, "கோழி நிக்குது மனே" என்று தொடங்கினேன். வேலி ஓட்டையால் அவள் தலை வந்தது.

"நான் பாக்கிறன் மனே!" என்று கைப்பேசியைப் பார்த்துக் கத்தினாள். "நீ அம்மாவக் கூப்பிடு. என்ட கோழியோட சேத்து இதுகளையும் பாக்கிறன். ஒரு குறையும் வராது!"

நான் அவளைப் பார்த்த பார்வைக்கு அவள் பொசுங்கியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு நின்றாள். மகனின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. என் மீது உள்ள பாசத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். "அப்பிடியெண்டா... நல்லதுதானே" என்று மெல்லச் சொன்னான்.

அந்த நேரம் பார்த்துச் சேவல் குறுக்கே வந்தது. சித்திரைப் புதுவருடக் கறிக்கென்று நான் மனதுக்குள் குறித்து வைத்திருந்த சேவல்.

"பெட்டையெல்லாம் பாப்பாய் கா, சேவல ஏலாது" என்றேன். "அது நேத்திச் சேவல்."

கோயிலுக்கென்று நேர்ந்த சேவலை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, இன்னொருவர் பொறுப்பில் விடவும் கூடாது. நேர்ந்தவர் கையால் தீன் வைத்து, காரியம் பலித்ததும் நேர்ந்தவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேதக்காரியான அவளுக்கும் தெரியும், அந்தோனியாருக்குக் கோழி நேர்ந்தவள்தானே.

"எந்தக் கோயிலுக்கு?" என்றாள்.

"மண்டூர் முருகனுக்கு."

"என்ன நேத்தி?" இதை அவளும் மகனும் ஒன்றாகக் கேட்டார்கள்.

மகனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. நான் காட்டிய பெண்களின் படங்களை எல்லாம் வேண்டாம் என்று தள்ளியவன். இனிக் கலியாணம் முடிக்க மாட்டான் என்று நானே கைகழுவியிருந்தேன். ஒருபோதும் பலிக்காத நேர்த்திதானே எனக்கு வேண்டும்? "உனக்குக் கலியாணம் சரிவந்தாச் சேவல் தாறன் எண்டு நேந்தனான்" என்றேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மகன் வெகுநேரம் கைப்பேசிக்குள் இருந்து என்னைப் பார்த்தான்.

"நேத்திச் சேவலெண்டா காலில மஞ்சள் நூல் எங்க கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அறுந்து போச்சு. உனக்கென்ன சோலி?"

அவள் போன பிறகு நூலை மஞ்சளில் தோய்த்துக் கட்டினேன். கட்டுவதற்குள் என் மணிக்கட்டில் இரண்டு கீறல் போட்டது அந்தச் சனியன்.

கட்டியதோடு அதன் தலையெழுத்து மாறியது. பக்கத்து வீட்டுக்காரியின் கத்தரிக் கன்றுகளைத் தின்றது, அவள் ஒரு சுள்ளியைக்கூட எறியவில்லை. "முருகன்ட சேவல், திண்டாத் திங்கட்டும்" என்றாள். அதிபர் ஒழுங்கையில் அதற்கு வழிவிட்டு நின்றதை என் கண்ணால் கண்டேன். என் கணவருடைய சாய்மனைக் கதிரையில் ஏறிப் படுத்தது. அந்தக் கதிரையில் அவர் இருந்தபோது நான் ஏசி எழுப்புவேன், சேவலை ஏச முடியவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறதே.

ஒருமுறை அதற்கு நோய் வந்து, கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து அலகைப் பிரித்து ஊட்டினேன். "முருகா, பொய்தான் சொன்னனான். எண்டாலும் இதைக் காப்பாத்து" என்று வாய்விட்டுச் சொன்னேன். பொய் நேர்த்திக்கு உண்மையாக வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இரண்டு நாளில் தேறி எழுந்து, முதல் வேலையாக என் காலில் கொத்தியது.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிறு, மகன் வழமையான கேள்வியைக் கேட்கவில்லை.

"அம்மா, ஒண்டு சொல்லணும். ஒரு ஆள் இருக்கிறா. நாலு வருசமாத் தெரியும்."

யாழ்ப்பாணத்துப் பெண். ஆஸ்பத்திரியில் தாதி. அவனைவிட நாலு வயது மூத்தவள். ஒருமுறை முடித்து, சரிவராமல் பிரிந்தவள். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க ஒத்துக்கொள்ள மாட்டீங்க எண்டுதான் இவ்வளவு நாளும் சொல்லயில்ல. ஆனா அண்டைக்கு, எனக்காக நேந்திருக்கிறன் எண்டு சொன்னீங்களே. அதுக்குப் பிறகு எப்பிடி மறைக்கிற அம்மா?"

பெற்ற தாய் அந்த இடத்தில் சந்தோஷத்தில் அழ வேண்டும். எனக்கு முதலில் வந்த நினைப்பு, "ஐயோ, சேவல்!" வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் வந்தது. சேவல் போனால் கனடா. அதற்குப் பிறகுதான் மூப்பும் யாழ்ப்பாணமும் மனதில் ஏறின. மட்டக்களப்பார் வந்தவனை மயக்கிப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் காலம் காலமாக எங்களைப் பழி சொல்வார்கள். இப்போது யார் யாரை ஒட்ட வைத்தது? அதைக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவனுடைய முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளை மாதிரி நின்றான்.

"நல்லா இருங்க மனே" என்றேன். "ஆவணியில மண்டூர்ல கொடியேறும். ரெண்டு பேரும் வாங்க. சேவலக் குடுப்பம்."

அங்கே கலியாணப் பதிவு முடித்துவிட்டு ஆவணியில் வந்தார்கள். மருமகள் உயரமானவள், கண்ணாடி போட்டவள். நான் முகத்தை எப்படி வைத்திருப்பது என்று தீர்மானிக்குமுன் வளவுக்குள் வந்து, சாய்மனைக் கதிரையில் இருந்த சேவலைப் பார்த்தாள்.

"மாமி, இவர்தானோ?" என்றாள்.

"அவர்தான். கிட்டப் போகாத புள்ள, கொத்துவார்."

அவள் போய் ஒரு கையால் இரண்டு காலையும் மறு கையால் செட்டையையும் பிடித்துத் தூக்கினாள். ஊசி போட ஆளைப் பிடித்துப் பழகிய கை. எட்டு மாதமாக என்னைக் கீறிக் கிழித்த சேவல் அவளுடைய கக்கத்தில் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட வந்தது.

அடுத்த நாள் வான் பிடித்து மண்டூருக்குப் போனோம். பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள். கைப்பைக்குள் செபமாலை, தலையில் மல்லிகைப்பூ. அறுவடை முடிந்த வயல் வட்டைகளில் கொக்குகள் நின்றன. சேவல் மருமகளின் மடியில் துவாய்க்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தது, தன்னைத்தான் ஊர்வலம் கொண்டுபோகிறார்கள் என்பது போல.

மண்டூரில் பூசை செய்பவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருப்பார். மந்திரம் சத்தமாகக் கேட்காது. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் உறைத்தது. வாயைக் கட்டிப் பூசை செய்யும் கோயிலுக்கு வாய்க்கொழுப்பால் நேர்ந்துவிட்டு வந்து நிற்கிறேன். சேவலைக் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "அம்மாவுக்கு உன்னில எவ்வளவு பாசம் பார் மனே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் சேவலுக்காகத்தான் அழுதேன். பிறகு, எனக்காகவும்.

மறுநாள் காலை நான் கோழிகளுக்கு நெல் எறிந்துகொண்டிருந்தேன். மருமகள் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். மகன் வந்து கிணற்றுக் கட்டில் இருந்தான்.

"சேவலும் குடுத்தாச்சு அம்மா. மிச்சத்தப் பக்கத்து வீட்டு அன்ரி பாப்பா. இனிப் பேப்பர் போடுவமா?"

அடுத்த பொய் என் நாக்கில் தயாராக இருந்தது. மண்ணிறக் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. அடைக்கோழியை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டால் மூன்று கிழமை தப்பலாம். வாயைத் திறந்தேன். அந்த வெள்ளைத் துணி ஞாபகம் வந்தது. மூடினேன். திரும்பத் திறந்தேன்.

"எனக்கு வர விருப்பமில்ல மனே. ஏழு வருசமா விருப்பமில்ல. கோழியெல்லாம் சாட்டு. அந்த நேத்தியும் சாட்டுத்தான்."

அவன் மூச்சு விட்டான். தபால் கந்தோரில் வாகனத்திலிருந்து மூட்டையைச் சுமந்து வந்து கீழே போடுபவர்கள் விடும் மூச்சு அது. முப்பது வருடம் கேட்ட சத்தம், எனக்குத் தப்பாது.

"சரியம்மா" என்றான். அந்தச் சரி கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது.

கையிலிருந்த நெல்லைக் கீழே கொட்டினேன். "நான் அங்க வாறதில உனக்கும் விருப்பமில்லையா?"

அவன் கிணற்றுக்குள் பார்த்தான். "கூப்பிடாம இருந்தா நீங்க என்ன நினைப்பீங்க? ஒரே மகன். ஊர் என்ன சொல்லும்? நான் வேலை வேலையெண்டு ஓடுற ஆள், நீங்க அந்த அறைக்குள்ள இருந்து ஜன்னலப் பாத்ததை நான் பாத்தனான். திரும்பவும் அதப் பாக்க ஏலாது எண்டுதான் எனக்கு. ஒவ்வொரு ஞாயிறும் நீங்க கோழி நிக்குது எண்டு சொன்ன உடன..."

"சொன்ன உடன?"

"நிம்மதியா இருக்கும்."

வலித்தது. பொய் சொல்லி என்ன, நன்றாக வலித்தது. வாளியைத் தூக்கி அவனுடைய தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது. நான் அவனிடமிருந்து தப்ப வளர்த்த கோழியை வைத்து அவனும் தப்பியிருக்கிறான். தவிடு குழைத்தது மட்டும் நான். பக்கத்து வீட்டுக்காரி வேலியால் தலையை நீட்டிய அன்று அவன் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்பதும் இப்போது விளங்கியது.

குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு மருமகள் நின்றாள்.

"தாயும் மகனும் இதை ஏழு வருசத்துக்கு முதலே கதைச்சிருக்கலாமே" என்றாள். "பாவம் கோழியள்."

யாழ்ப்பாணத்தாளுக்கு என்ன வாய் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. மகனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன், அதை அவர்கள் கண்டும் காணாதது போல் தேத்தண்ணி குடித்தார்கள்.

அவர்கள் போய் முதல் ஞாயிறு வந்தது. பின்னேரம் ஆறு மணிக்குக் கைப்பேசியைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிட்டு இருந்தேன். அப்போதுதான் பயம் பிடித்தது. ஏழு வருடமும் அவன் எடுத்தது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்பதற்கு. இனி அதைக் கேட்கத் தேவையில்லை. பிறகு எதற்கு எடுப்பான்? கனடாவில் இருந்து தப்பின கெட்டித்தனத்தில், இருந்த ஒரு அழைப்பையும் தொலைத்துவிட்டேனா? ஆறு பத்து ஆயிற்று. ஆறேகால். கோழிகள் கூட்டுக்கு வர ஆரம்பித்தன. எனக்கு யாரையாவது ஏச வேண்டும் போலிருந்தது, யாரும் கிடைக்கவில்லை.

ஆறு இருபதுக்கு அடித்தது. மகன் முகம் வந்தது.

"அம்மா" என்றான். "கோழியெல்லாம் எப்பிடி?"

சொன்னேன். மண்ணிறக்காரி ஒன்பது முட்டையில் அடை கிடக்கிறாள், கிட்டப் போனால் சீறுகிறாள் என்றேன். சேவல் போனதில் இருந்து அதிபரின் சேவல் நம் வளவில் வந்து நின்று அதிகாரம் பண்ணுகிறது என்றேன். அவன் கேட்டான், சிரித்தான், திரும்பக் கேட்டான். பின்னால் இருந்து மருமகள், "மாமி, பொரிச்ச உடன படம் அனுப்புங்கோ" என்றாள். அரை மணித்தியாலம் கதைத்தோம். ஏழு வருடத்தில் அவ்வளவு நேரம் ஒருநாளும் கதைத்ததில்லை. வைக்கும்போது, "அடுத்த ஞாயிறு எத்தின குஞ்செண்டு சொல்லணும்" என்றான்.

கைப்பேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், வேலி ஓட்டையில் பக்கத்து வீட்டுக்காரியின் தலை.

"நீதான் கனடாவுக்குப் போகயில்லையே" என்றாள். "இனி எதுக்குகா உனக்கு இத்தின கோழி? அதில ஆறு எனக்குத் தாவன்."

"தரமாட்டன்."

"ஏன் கா?"

"முட்டைக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தொட்டியின் மேல் இருந்த கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு ஓட்டையால் குனிந்து உள்ளே வந்து, "ஓம் கா, நானும் அதுக்குத்தானே வளக்கிறன்" என்றபடி தேத்தண்ணிக்கு உட்கார்ந்தாள்.